விரிந்துபோன கோடுகள்

ஆராய்ச்சி நிலையத்தில் அவரை எல்லோரும் ‘வட்டம்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்தது அவருடைய தங்கையின் கணவன். எப்போது பார்த்தாலும் மச்சான் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறார், காகிதம் கிடைக்காவிட்டால் மேஜை மேலேயே போட்டுவிடுகிறார் என்று அவன் ஒருநாள் கேன்டீனில் கிண்டலடிக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு இவர் அவனுக்கு ‘ஆந்தை’ என்று வைத்தார். பகலெல்லாம் தூங்கி வழிந்துவிட்டு, இருட்டியதும் பளிச்சென்று கண் திறக்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஆந்தை, மலைமேல் இருந்த பழைய தொலைநோக்கியில் உட்கார்ந்து வானத்தை அளப்பவன். வட்டம், கீழே நகரத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் அந்த அளவுகளுக்குக் கணினியில் மாதிரி கட்டுபவர். “எங்க மச்சான் மாடலிங் பண்றார்” என்று அவன் புது ஆட்களிடம் சொல்வான். அவர்கள் வட்டத்தின் வழுக்கையையும் சோடாபுட்டிக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு விழிப்பார்கள். அந்த விழிப்பைப் பார்ப்பதற்காகவே சொல்வான்.

அவன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மலைமேல், வேலை நடந்துகொண்டிருந்த ஓர் இரவில், மாரடைப்பு. தொலைநோக்கி ஆபரேட்டருக்கு அன்று காய்ச்சல். “நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்” என்று அவரைக் கீழ்க் கட்டடத்துக்கு அனுப்பியது ஆந்தையேதான். விடிந்ததும் ஆபரேட்டர் வந்து பார்த்தபோது, அவன் சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். மேலே போர்வை போர்த்தியிருந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார், வலி எதுவும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். தங்கை அந்த வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். “தூக்கத்துலயே போயிட்டார். அந்த வரைக்கும் கொடுத்துவெச்சவர்.”

வட்டம் கல்யாணம் செய்துகொள்ளாதவர். தங்கையும் அவளுடைய பத்து வயது மகளும் அதே மாடியில் எதிர்வீட்டில் இருந்தார்கள். தங்கை ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தாள். சாவுக்குப் பிறகு மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்தால் சுவர் நெருக்குகிறது என்றாள்.

ஆந்தை விட்டுப்போன டேட்டாவை வட்டம் தொடவே இல்லை. கடைசியில், நிலையத்தின் இயக்குநர் மேடம்தான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார். “அவர் மூணு வருஷம் உழைச்சது. நீங்க முடிக்கலைன்னா வேற யாரும் முடிக்கப் போறதில்லை.”

அவருக்கும் அது தெரியும். ஆந்தை அளந்துகொண்டிருந்த ஒரு விண்மீன் மண்டலத்தை வைத்துத்தான் மூன்று வருடமாக மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பாட்டு மேஜையில் சண்டை.

சண்டை இதுதான். அத்தனை தொலைவில் இருக்கும் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் நகர்வதை யாராலும் பார்க்க முடியாது. ஆயுசு பூராவும் கண் கொட்டாமல் பார்த்தாலும் மயிரிழை நகர்ந்ததாகத் தெரியாது. தனித்தனியாகவே தெரியாது. கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்து ஒரே மங்கலான வெளிச்சத் திட்டு. ஆனால் அந்த வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால், நடுநடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். நம்மை நோக்கி வரும் நட்சத்திரத்தின் கோடு ஒரு பக்கம் தள்ளிப்போகும். விலகிப் போவதன் கோடு மறுபக்கம் தள்ளிப்போகும். எல்லாம் கலந்து வருவதால் கோடு இரண்டு பக்கமும் விரிந்து அகலமாகிவிடும். எவ்வளவு வேகமான ஓட்டமோ அவ்வளவு அகலம்.

இந்த மண்டலத்தின் மையத்தில் கோடுகள் அகலமாக இருந்தன. ஏன்? “நடுவுல ஒரு மலைமுழுங்கி உக்காந்திருக்கான், மச்சான்” என்பான் ஆந்தை. எக்கச்சக்கமான எடையுள்ள ஒரு கருந்துளை, சுற்றியிருப்பதையெல்லாம் தறிகெட்டு ஓடவைக்கிறது என்பது அவன் கட்சி. வட்டம் மறுத்துத் தலையாட்டுவார். “நட்சத்திரங்கள் நீள நீளமான பாதையில போறதா வெச்சுக்கோ. எங்கேயோ வெளியிலிருந்து நேரா மையத்துக்கு விழுந்து, உரசிட்டுத் திரும்பிப் போகும். மையத்தைத் தாண்டும்போது வேகமாத்தான் தாண்டும். அதுக்கு மலைமுழுங்கி எதுக்கு?” எங்கோ தூரத்தில் நின்று, முன்னே வருவதையும் பின்னே போவதையும் மட்டும் அளக்கிறவர்களுக்கு, எடையா, பாதையின் வடிவமா என்று பிரித்துச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை.

வட்டத்தின் வேலை அதைப் பிரிப்பதுதான். கணினிக்குள் ஒரு போலி மண்டலத்தைக் கட்டுவார். நடுவில் இவ்வளவு எடை என்று ஓர் ஊகம். அந்த எடை இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் எப்படியெல்லாம் ஓட முடியும் என்று ஆயிரக்கணக்கான பாதைகளை ஓடவிட்டுப் பார்ப்பார். உருண்டையானவை, ஒட்டிப்போனவை, சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி இருப்பவை. பிறகு எந்தப் பாதையில் எத்தனை நட்சத்திரங்களை ஏற்றினால், தெரிகிற வெளிச்சமும் அளந்த அகலமும் ஒத்துவரும் என்று கணினி தேடும். வராவிட்டால் எடையை மாற்றி முதலிலிருந்து. இதற்கு மையத்தின் கோடுகள் மிகத் துல்லியமாக வேண்டும். காற்று அசையாத இரவு ஒன்று வேண்டும். ஆந்தையின் கடைசி இரவு அப்படிப்பட்ட இரவு.

டேட்டாவை உள்ளே கொடுத்து ஓடவிட்டார். மூன்று வாரத்தில் விடை வந்தது. மலைமுழுங்கி இருந்தான். இலேசாக இல்லை, ஆந்தை ஊகித்ததைவிட இரண்டு மடங்கு எடையோடு உட்கார்ந்திருந்தான்.

வட்டம் நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஜெயிச்சிட்டியேடா” என்றார். அறையில் யாரும் இல்லை.

மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்திரிகைகளைக் கூப்பிடலாம் என்றார். மலைமேல் அவன் உட்கார்ந்திருந்த அறைக்கு அவன் பெயரையே வைத்துவிடலாம் என்றார். “இன்னும் சரிபார்க்கணும் மேடம், கொஞ்சம் பொறுங்க” என்று வட்டம் சொன்னார்தான். ஆனால் அதற்குள் மேடம் தங்கைக்குப் போன் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் வட்டம் மாடி ஏறியபோது, எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தங்கை மருந்தகக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

“அண்ணா, அவர் சொன்னதுதான் சரியாமே!”

“பாக்கணும்மா. இன்னும் முடியலை.”

“நீ எப்பவும் இப்படித்தான். அவர் ஜெயிச்சா உனக்குப் பொறுக்காது.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உள்ளே திரும்பி, “உங்கப்பா பேர்ல ஒரு அறையாம்டி!” என்று மகளிடம் கத்தினாள்.

விடை சரியாக இருந்துவிட்டால் போதும் என்று அன்று வட்டம் மனசார வேண்டிக்கொண்டார். இருபது வருடத்தில் எந்த விடையைப் பற்றியும் அவர் அப்படி நினைத்ததில்லை. அதுவே அவரைச் சங்கடப்படுத்தியது.

சரிபார்க்க உட்கார்ந்தது மறுநாள் காலையில். அந்த மையக் கோடுகள் அகலம் என்பது சரி. ஆனால் ஒவ்வொரு படத்திலும் மண்டலத்தின் வெளிச்சத்தோடு நம்முடைய வானத்தின் வெளிச்சமும் கொஞ்சம் கலந்திருக்கும். இருட்டிலும் நம் தலைக்கு மேலே காற்று மெல்ல ஒளிர்கிறது. அதற்கென்று சில கோடுகள் உண்டு. அவை எப்போதும் ஊசி போல மெல்லியவை. வழக்கமாக அவற்றைக் கழித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. வட்டம் பார்த்தார். அந்தக் கடைசி இரவில் வானத்தின் கோடுகளும் அகலமாக இருந்தன.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் தலைக்கு மேலிருக்கும் காற்று நட்சத்திர வேகத்தில் பறக்கவில்லை. அப்படியானால் கோடுகளை விரித்தது நட்சத்திரம் இல்லை, வெளிச்சத்தைப் பிரிக்கிற கருவி. அந்தப் பழைய கருவி குளிரக் குளிர வளையும். தொலைநோக்கி வானத்தோடு திரும்பும்போது தொய்யும். அதனால்தான் அரைமணிக்கு ஒருதரம் படத்தை நிறுத்தி, விளக்கொளியை ஒரு படம் எடுத்து, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஆந்தை இதில் மகா கண்டிப்பானவன். மூன்று வருடத்தில் ஒரு விளக்குப் படம்கூட அவன் விட்டதில்லை. அந்த இரவு, ஒரே படம் இரண்டரை மணிநேரம் திறந்தே கிடந்திருந்தது. நடுவில் விளக்குப் படம் இல்லை. பின்னாலும் இல்லை.

ஏன் என்று கேட்பதற்கு முன்பே அவர் கை, வழிகாட்டிக் கேமராவின் படங்களைத் திறந்துவிட்டது. பக்கத்திலுள்ள ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை அந்தக் கேமரா நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டே இருக்கும். திரையில் ஒரு சிலுவைக் குறி. அதன் நடுவில் நட்சத்திரம் நிற்க வேண்டும். விலகினால், உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அழுத்திக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

படங்களை வரிசையாக ஓட்டினார். நட்சத்திரம் குறியில் நின்றது. நின்றது. பிறகு மெல்ல வலப்பக்கம் நழுவ ஆரம்பித்தது. யாரும் இழுத்து நிறுத்தவில்லை. நழுவிக்கொண்டே போய்ச் சட்டத்தின் ஓரத்தைத் தொடப்போகும் நேரத்தில், சட்டென்று குறிக்குத் திரும்பியது. யாரோ எழுந்து வந்து பொத்தானை அழுத்தியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ. அங்கே இருந்தது ஒரே ஆள். அதற்குப் பிறகு மறுபடி நழுவல். கடைசியில் இருட்டு. படத்தை முடித்து, கூரையின் திறப்பையும் மூடியிருந்தான். அந்தத் திறப்புக்கு மோட்டார் கிடையாது. சங்கிலியைக் கையால் இழுத்துத்தான் மூட வேண்டும்.

தூக்கத்தில் போகவில்லை. இரண்டரை மணிநேரம் முடியாமல் இருந்திருக்கிறான். ஏதோ வாயு பிடித்திருக்கிறது, கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பான். எழுந்து ஒருமுறை நட்சத்திரத்தை நிறுத்தியிருக்கிறான். கருவிமேல் பனி விழக்கூடாது என்று கூரையை மூடியிருக்கிறான். பிறகுதான் போர்வையை எடுத்திருக்கிறான்.

வட்டம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

மேடத்திடம் முதலில் சொன்னார். மேடம் கல்மனசுக்காரர் இல்லை. கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “அந்த ராத்திரியைச் சேர்த்தும், சேர்க்காமலும் ரெண்டு விடையா போட முடியாதா?” என்று கேட்டார்.

“சேர்த்து வர்றது விடையே இல்லை மேடம். அது கருவி வளைஞ்ச கணக்கு.”

“சேர்க்காம?”

“சேர்க்காம, ஒண்ணும் சொல்ல முடியாது. எடை இருந்தாலும் ஒத்துப்போகுது, இல்லாட்டியும் ஒத்துப்போகுது.”

மேடம் பெருமூச்சு விட்டார். “உங்க தங்கைகிட்ட நான் எப்படிச் சொல்றது?”

“நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்றேன்.”

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டாரே தவிர, ஒரு வாரம் மென்று விழுங்கினார். கருவி பழுது என்று மட்டும் சொல்லிவிட்டால் என்ன? பொய்யும் இல்லை. ஆனால் ஏன் பழுது, அவர் பார்க்கவில்லையா என்று அவள் அடுத்த கேள்வி கேட்பாள். கேட்காமல் விடுகிற ரகம் இல்லை அவள். தவிர, கட்டுரையில் காரணம் எழுதியாக வேண்டும். என்றைக்காவது யாராவது படித்துவிட்டு அவளிடம் வந்து உளறிவிட்டால்? டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். அதை உருவுவதற்குத் தனக்கு என்ன உரிமை என்று அவருக்குத் தெரியவில்லை. தனக்குத் தெரிந்ததை மறைத்துவைத்துக்கொண்டு தினமும் எதிர்வீட்டில் சாப்பிட முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம், மகள் விளையாடப் போயிருந்தபோது சொன்னார். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அறை இல்லை, அறிவிப்பு இல்லை என்றவுடன் நிமிர்ந்தாள். மிச்சத்தையும் சொன்னார். மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“தூக்கத்துல போயிட்டார்னு சொன்னாங்களே.”

“அவங்களுக்குத் தெரியாதும்மா.”

“எவ்வளவு நேரம்?”

அவர் சொன்னார்.

“போன் பக்கத்துல இருந்துதா?”

“மேஜை மேலயே இருந்திருக்கு.”

தங்கையின் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. “நெஞ்சு பிடிக்குதுன்னு யாராவது கவுண்ட்டர்ல வந்து நின்னா, நான் சீட்டைக்கூடப் பாக்கறதில்லை அண்ணா. கையைப் பிடிச்சு எமர்ஜென்சிக்கு இழுத்துட்டுப் போறேன். முன்னபின்ன தெரியாதவங்களை. என் புருஷனுக்கு என்னை ஒரு போன் பண்ணத் தோணலையா?”

அவர் கீழே விழுந்திருந்த துணி ஒன்றை எடுத்துக் குவியல்மேல் வைத்தார்.

“இதை ஏன் எங்கிட்ட சொன்னே?” என்றாள். “நிம்மதியா இருந்தேனே. இந்த ஒண்ணுலதான் நிம்மதியா இருந்தேன். உன் கணக்கு சரியா வரணும்னு அதையும் பிடுங்கிட்டே.”

வட்டம் எழுந்து தன் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு எதிர்வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. சாப்பாடு மட்டும் மருமகள் கையில் வரும். “அம்மா பேச மாட்டேங்கறாங்க மாமா. எங்கிட்டயும்தான்” என்று அந்தக் குழந்தை ஒருநாள் சொன்னது. வட்டம் கணினி மாதிரியைத் தொடாமல் நாளைக் கடத்தினார். அந்த இரவை நீக்கி எழுதவும் கை வரவில்லை. சேர்த்து எழுதவும் முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தானாகக் கதவைத் தட்டினாள். வெளியே போகிற உடையில் இருந்தாள்.

“அந்தப் படங்களை நான் பாக்கணும்.”

“வேண்டாம்மா.”

“நீ மட்டும் பாத்திருக்கே. நான் பாக்க வேண்டாமா?”

விடுமுறை நாளில் நிலையம் வெறிச்சோடிக் கிடந்தது. ஜன்னலில்லாத அறையில் அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். பின்னால் நின்றுகொண்டு, இது குறி, இது நட்சத்திரம் என்று காட்டினார். படங்கள் ஓட ஆரம்பித்தன. புள்ளி நின்றது, நழுவியது. புள்ளி ஓரத்துக்குப் போய்ச் சட்டென்று நடுவுக்குத் திரும்பியது.

“இங்க எழுந்திருக்கார்” என்றாள்.

“ஆமா.”

“திரும்பப் போடு.”

போட்டார். அந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை பார்த்தாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஆந்தை செத்த அன்றுகூட அவள் இப்படி வாய்விட்டு அழவில்லை. வட்டம் அவள் தலையில் கைவைத்து நின்றார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எழுந்திருச்ச மனுஷன் போனை எடுக்காம நட்சத்திரத்தைப் போய் நிமிர்த்தியிருக்கார் பாரு” என்றாள். கோபம்தான் அது. ஆனால் அண்ணன்மேல் இல்லை. “முட்டாள் மனுஷன்.”

“முட்டாள்தான்” என்றார் வட்டம்.

“அந்த ராத்திரியை எடுத்துடு அண்ணா. அதை வெச்சுப் பேர் வாங்கறது அவருக்கே பிடிக்காது. விளக்குப் படம் எடுக்கலைன்னா பசங்களை என்ன திட்டு திட்டுவார்!”

மறுநாள் அவள் மருந்தகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு மேடத்தைப் பார்க்கப் போனாள். அறைக்குப் பெயர் வேண்டாம் என்றாள். அதற்குப் பதிலாக, மலைமேல் இனி ஒருத்தர் தனியாக ராத்திரி உட்காரக் கூடாது. இரண்டாவது ஆளுக்குக் காய்ச்சல் என்றால் மூன்றாவது ஆள் வர வேண்டும். வர முடியாவிட்டால் கூரை திறக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறை, நிதி என்று மேடம் இழுத்தபோது, அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை. அவசர மருந்துப் பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே தயார்செய்து மலைக்குக் கொண்டுபோனாள். வட்டமும் கூடப் போனார். நெஞ்சு கனத்தால், தாடை வலித்தால், காரணமில்லாமல் வியர்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆபரேட்டரை உட்காரவைத்துச் சொன்னாள். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லியும் கேட்டாள். ஆபரேட்டர் பாதியில் நிறுத்திவிட்டார். காய்ச்சல் என்று போய்ப் படுத்தது அவர் மனசில் முள்ளாகவே இருந்தது. “உங்களை நான் ஒண்ணும் சொல்லலை. அடுத்தது என்னன்னு சொல்லுங்க” என்றாள் தங்கை.

அடுத்த பருவத்தில் வேறு இரண்டு பேர் அந்த மையத்தை அளந்தார்கள். அரைமணிக்கு ஒருதரம் விளக்குப் படம் எடுத்தார்கள். வானத்தின் கோடுகள் ஊசிபோல இருந்தன. வட்டம் பாதைகளை மறுபடி ஓடவிட்டார். மையத்தில் எடை இருந்தது. ஆனால் மலைமுழுங்கி இல்லை. எல்லா மண்டலங்களிலும் இருக்கிற மாதிரி சாதாரணமான ஒன்று. நட்சத்திரங்கள் நீளப் பாதைகளில்தான் போய் வந்துகொண்டிருந்தன. கட்டுரையில் முதல் பெயராக ஆந்தையின் பெயரைப் போட்டார்கள். கடைசி இரவுக்கு ஒரு வரி: கருவி நகர்ந்ததால் அந்த இரவின் அளவுகள் பயன்படுத்தப்படவில்லை. அந்த வரியை எழுத வட்டத்துக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை.

அச்சானதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். தங்கை அந்த ஒரு வரியைப் படித்தாள். பெயரைப் பார்த்தாள்.

“கடைசில நீ சொன்னதுதான் சரியா?”

“ஆமா.”

“அவர் ஒத்துக்கிட்டிருக்க மாட்டார்.”

“மாட்டார். இன்னும் நாலு ராத்திரி வேணும்னு மேடத்தோட உயிரை எடுத்திருப்பார்.”

அவள் லேசாகச் சிரித்தாள். காகிதத்தை மகளிடம் கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னாள். பிறகு, உட்காருங்கள் என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, சாப்பாடு எடுத்துவர உள்ளே போனாள்.